எடை குறைக்கும் குழு: மார்த்தாண்டமா, பாறசாலையா, ரெண்டும் வேண்டாமா?

குழித்துறைப் பாலம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவுக்கு வர உதவி வேணும். விவரம் முழுசாத் தர்றேன்.

வயசு 41, பெண். உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 ரெண்டு நேரம், காலையில கிளிமெப்பிரைடு 1 மி.கி. அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) கணக்கு வேலை, எட்டு மணி நேரமும் நாற்காலிதான். வீட்டில நாலு பேர், சமையல் நான்.

கைவசம் மூணு வழி இருக்கு. மார்த்தாண்டத்தில காலை 6 மணி கிளப்: சேர 1,500 ரூபாய், அப்புறம் மாசம் 6,500. காலையும் ராத்திரியும் பவுடர் ஷேக், மத்தியானம் மட்டும் வீட்டுச் சாப்பாடு. இலவசமா ஒரு மெஷின்ல ஏத்தி, "உங்க உடம்புக்கு வயசு 58"னு சீட்டு எழுதித் தந்தாங்க. ரெண்டாவது, பாறசாலை பக்கம் ஒரு வாசகசாலையில பெண்கள் குழு: சனிக்கிழமை 4 மணி, மாசம் 100 ரூபாய், எடை பார்த்து எழுதி ஒரு மணி நேரம் பேசுவாங்க, இருபது பேர் வரை வருவாங்க. பேச்சு மலையாளம், எனக்கு விளங்கும். மூணாவது, வாட்சப்ல 21 நாள் சவால், 499 ரூபாய், 7 கிலோ குறையும்னு போட்டிருக்கு.

எதில சேரலாம்? இல்ல குழுவே இல்லாம வீட்டிலயே பார்த்துக்கலாமா?

---

மருந்துச்சீட்டு பதில்:

குழுவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். உங்கள் பட்டியலில் கிளிமெப்பிரைடுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமெப்பிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு 200 கலோரி ஷேக்கோடு ஆபீஸ் போனால் பதினொரு மணிக்குக் கை நடுங்கலாம், வேர்க்கலாம், கண் மங்கலாம். அதனால் எந்தக் குழுவாக இருந்தாலும், சேருவதற்கு முந்தின வாரமே டாக்டரிடம் "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், இந்த மாத்திரையை என்ன செய்ய?" என்று கேட்டுவிடுங்கள். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

கைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை ஒரு பொட்டலமாக இருக்கட்டும், சுமார் 15 கிராம். நடுக்கம் வந்தால் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். அப்போதும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இறங்கும்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். ஷேக் பவுடர் பலவற்றில் சோயா புரதமும் சேர்த்த கால்சியமும் உண்டு. இரண்டும் மாத்திரை குடலில் சேர்வதைத் தடுக்கும்; கால்சியத்துக்கும் இரும்புச் சத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை 6 மணி கிளப்பில் இது எப்படி நடக்கும்? மாத்திரையை இரண்டு மணிக்கு எழுந்து போடுவதா? மாத்திரை சரியாகச் சேராமல் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் எண்) ஏறினால் களைப்பும் மலச்சிக்கலும் வந்து எடையும் இறங்காது; குழுவில் "ஒழுங்கா ஃபாலோ பண்ணல"ன்னு உங்களைத்தான் சொல்வார்கள்.

கூடவே "மூலிகை" கேப்சூல் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் ஊர் மீன் கறியில் போடும் குடம்புளியின் தோலிலிருந்து எடுத்த சாறுதான் கார்சீனியா என்ற பெயரில் எடை குறைக்கும் மாத்திரையாக விற்பனைக்கு வருகிறது. கறியில் இரண்டு சுளை போடுவது வேறு, செறிவூட்டிய சாற்றை தினமும் விழுங்குவது வேறு. அந்த மாத்திரைகளால் ஈரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. செறிவூட்டிய கிரீன் டீ சாற்றுக்கும் இதே கதை.

---

ஏத்தன்வாழை பதில்:

அந்த 58 வயசுச் சீட்டைக் கிழிச்சுப் போடுங்க. அந்த மெஷின் கொழுப்பை நேரா அளக்கல. தகட்டிலிருந்து ரொம்பச் சின்ன மின்சாரம் உடம்புக்குள்ள ஓடும். தண்ணி நிறைஞ்ச தசை அதை எளிதா விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையோட உங்க வயசு, உயரம், எடை எல்லாத்தையும் ஒரு சூத்திரத்தில போட்டு வர்ற கணக்குதான் மற்ற எண்கள். தண்ணி குடிக்காம ஏறினா கொழுப்பு கூடிக் காட்டும். ஒரே மெஷின்ல, ஒரே நேரத்தில, மாசக்கணக்கில பார்த்தா ஏறுதா இறங்குதான்னு ஓரளவு தெரியும். ஒருநாள் சீட்டை வச்சுப் பயப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா எடை குறையணும்கிறது உண்மை. உங்க பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியான்னு பார்க்கிற கணக்கு) 32. இந்தியர்களுக்கு 25-க்கு மேலயே உடல்பருமன்னுதான் கணக்கு, பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இலக்கை 60 கிலோன்னு வைக்காதீங்க. 5 சதவீதம், அதாவது 4 கிலோ இறங்கினாலே சர்க்கரையும் பிரஷரும் அசையும். 74 கிலோவை முதல் நிறுத்தமா வைங்க.

எவ்வளவு வேகத்தில? உங்க எடை, உயரம், வயசை மிஃப்லின் சூத்திரத்தில போட்டா சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 1,390 கலோரி செலவு. நாற்காலி வேலையும் வீட்டு வேலையும் சேர்த்து 1,800 வரும். அதில 500 குறைச்சு 1,300 சாப்பிட்டா வாரம் அரை கிலோ கணக்கு. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி.

இப்ப இதே கணக்கை வாட்சப் சவாலுக்குப் போடுங்க. 7 கிலோ கொழுப்பு 53,900 கலோரி. 21 நாளுக்குப் பிரிச்சா தினம் 2,566. நீங்க ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறதே 1,800தான். ஒரு பருக்கை சாப்பிடாம இருந்தாலும் 7 கிலோ கொழுப்பு போகாது. அப்ப சிலருக்கு முதல் வாரத்திலயே ரெண்டு கிலோ எப்படி இறங்குது? ஈரல்லயும் தசையிலயும் சேமிச்ச சர்க்கரை அரை கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராமோடயும் குறைஞ்சது மூணு கிராம் தண்ணி ஒட்டியிருக்கும். சோத்தை நிறுத்தினா அது முதல்ல வெளியேறும். ஒரு ஓணச் சத்யா விருந்து சாப்பிட்டா ரெண்டே நாள்ல திரும்பி வந்திரும்.

ஷேக்கைப் பத்தி ஒரு நியாயம் சொல்லணும். ஷேக்கால எடை இறங்கும், அதில மாயம் இல்லை. ரெண்டு நேரச் சாப்பாட்டுக்குப் பதிலா 400, 500 கலோரிதான் உள்ள போகுது. 2017-ல பிரிட்டன்ல வெளியான "டைரக்ட்"ங்கிற ஆய்வில சர்க்கரை நோயாளிகளுக்கு மூணு முதல் அஞ்சு மாசம் தினம் வெறும் 825 முதல் 853 கலோரி பானம் மட்டும் கொடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்ப கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு சர்க்கரை நோய் பின்வாங்கியிருந்தது. ஆனா அங்க முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினாங்க, நர்சோ டயட்டீஷியனோ கூடவே இருந்தாங்க, அப்புறம் சில வாரங்கள்ல படிப்படியா சாதாரண சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தாங்க. கிளப்பில கேளுங்க: "ஷேக்கை எப்ப, எப்படி நிறுத்துறது? அந்த வாரம் காலைச் சாப்பாடு என்ன?" இதுக்கு எழுதி வச்ச பதில் இல்லைன்னா பவுடர் நிக்கிற மாசமே எடை ஏறத் தொடங்கும். அவங்களுக்கு அது நஷ்டமும் இல்ல, மறுபடி டப்பா வாங்குவீங்க.

இன்னொண்ணு: "நீங்க ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டா உங்களுக்கு இலவசம்"னு சொன்னா அது எடைக் குழு இல்ல, வியாபாரச் சங்கிலி. ஆள் சேர்த்தாத்தான் காசுங்கிற பிரமிட் முறையை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை செஞ்சிருக்கு. டப்பாவில உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்கான்னு பாருங்க. ஏமாத்தினா நுகர்வோர் உதவி எண் 1915.

---

வாசகசாலைத் திண்ணை பதில்:

குழு நடத்துறதோட உள்விஷயம் கொஞ்சம் சொல்றேன், அக்கா.

குழுவால பலன் உண்டா? உண்டு, ஆனா எதிர்பார்க்கிற அளவுக்கு இல்ல. 2011-ல வெளிவந்த ஒரு ஆய்வில மூணு நாட்டில 772 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. வாராவாரம் எடை பார்க்கிற வணிகக் குழுவுக்குப் போனவங்க ஒரு வருஷத்தில சராசரி 5 கிலோ, டாக்டர்கிட்ட மட்டும் போனவங்க 2 கிலோ சொச்சம். நம்ம பக்கத்திலயே ஒண்ணு நடந்திருக்கு. பாறசாலை இருக்கிற அதே நெய்யாற்றின்கரை தாலுகாவில கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்னு 60 பகுதியில 1,007 பேரை எடுத்தாங்க. பாதிப் பகுதியில ஊர்க்காரங்களே தலைமை தாங்கி ஒரு வருஷம் குழுக் கூட்டம் போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு சர்க்கரை வந்தவங்க குழுப் பகுதியில 14.9 சதவீதம், மற்றதில 17.1. உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்லைன்னுதான் 2018-ல எழுதினாங்க. குழுவில உக்கார்ந்தா மட்டும் உடம்பு இளைக்காதுன்னு தெரிஞ்சுதான் போகணும்.

வேலை செய்யறது ரெண்டு விஷயம்: வாரா வாரம் இன்னொருத்தர் முன்னால தராசில ஏறுறது, சாப்பிட்டதை எழுதுறது. பேச்சு, கைதட்டு, பொன்னாடை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னால ஒரு சனிக்கிழமை சும்மா போய் மூலையில உக்காருங்க. எடை போட்டவுடனே எண்ணைச் சத்தமா வாசிக்கிறாங்களா, நோட்டில எழுதி உங்ககிட்ட மட்டும் காட்டுறாங்களா? சத்தமா வாசிக்கிற குழுவில எடை ஏறின வாரம் ஆள் வராது; ஒரு வாரம் வராதவங்க அடுத்த வாரமும் வர மாட்டாங்க. அடுத்து, எடை ஏறின ஒரு பெண்கிட்ட தலைவி என்ன கேக்குறாங்கன்னு காது கொடுங்க. "என்ன சாப்பிட்ட?"ன்னு போலீஸ் மாதிரி கேட்டா, அடுத்த வாரம் எல்லாரும் பொய்தான் எழுதுவாங்க. "எந்த நாள், எந்த நேரம் கை மீறிச்சு? அந்த நேரத்துக்கு என்ன மாத்தலாம்?"னு கேட்டா அங்கயே சேரலாம்.

இருபது பேர் கொஞ்சம் அதிகம். ஆளுக்கு முக்கால் நிமிஷம் வச்சாலும் எடை பார்க்கவே கால் மணி போயிரும். மிச்சம் 45 நிமிஷத்தில ஆளுக்கு ரெண்டே கால் நிமிஷம். அதில நாலு பேர் பேச்சை வாங்கிக்கிட்டா மற்றவங்க பப்படம் பொரிக்கிற கதை கேட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான். எடையை 3:40-க்கே தொடங்கி, பேச்சுக்கு ரெண்டு வட்டமாப் பிரிச்சா சரியாகும். நீங்களே சொல்லிப் பாருங்க, நல்ல குழுன்னா ஒத்துக்குவாங்க.

ரெண்டு வாரம் வராதவங்களுக்கு யார் போன் பண்றாங்கன்னும் கேளுங்க. பதில் "அவங்களா வரணும்"னா, மூணாம் மாசம் பாதிப் பேர் இருக்க மாட்டாங்க. எல்லா ஊர்லயும் குழு உடையறது அங்கதான்: முதல் மாசத் தண்ணி எடை இறங்கி முடிஞ்சிருக்கும், வாரம் 300 கிராம்தான் இறங்கும், அதோட ஓணமோ கோயில் கொடையோ கிறிஸ்மஸோ வந்திரும். பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை கூட்டத்தை ரத்து பண்ணாத குழுவாப் பாருங்க.

பெண்கள் குழுவில இன்னொரு சிக்கல் உண்டு. மாதவிலக்குக்கு முந்தின நாட்கள்ல உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சு ஒரு கிலோ வரை ஏத்திக் காட்டலாம். அதைப் போன வாரத்தோட ஒப்பிட்டா மனசு விட்டுப் போகும். போன மாசம் இதே வாரத்தோட ஒப்பிடணும். நோட்டில நாலு கட்டம் போட்டு எழுதுங்க.

---

கீரிப்பாறை பதில்:

குழுவே வேண்டாங்கிற கட்சி நான். கிளப்புக்கு மூணு மாசத்துக்கு 1,500-ம் 19,500-ம் சேர்த்து 21,000 ரூபாய். அதில ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு அடுக்களைத் தராசு, ஒரு நோட்டு வாங்கி, டயட்டீஷியனை மாசம் ஒருக்க பார்த்தாலும் பாதிக்கு மேல மிச்சம்.

நடந்தா போதும்னும் நினைக்காதீங்க அக்கா. உங்க எடைக்கு அரை மணி நேரம் வேகமா நடந்தா சுமார் 135 கலோரி. அது 25 கிராம் ஏத்தன்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், ஒரு கைப்பிடி. நடையை சர்க்கரைக்கும் முட்டுக்கும் மனசுக்கும் வச்சுக்கிடுங்க, வாரம் 150 நிமிஷம். எடை இறங்குறது அடுக்களையிலதான்.

தேங்காயும் எண்ணெயும்தான் நம்ம ஊர்ல கணக்குல வராம ஒளிஞ்சிருக்கு. ஒரு முழுத் தேங்காயில பருப்பு 250 கிராம்னு வைங்க, 880 கலோரி. நாலு பேர் வீட்டில தினம் ஒண்ணு அரைச்சா தலைக்கு 220. எண்ணெய் மாசம் நாலு லிட்டர்னா தலைக்கு ஒரு லிட்டர், தினம் 33 மில்லி, இன்னொரு 270. தேங்காயைப் பாதியாக்கி எண்ணெயை ரெண்டு லிட்டருக்குக் கொண்டு வந்தா ஆளுக்கு சுமார் 245 கலோரி குறையும். உங்களுக்கு வேண்டிய 500-ல பாதி, ஒரு சோத்துப் பருக்கையையும் தொடாம. அடுக்களை உங்க கையில இருக்கறதால இது நடக்கும்.

சம்பா அரிசிதானே, எவ்வளவும் தின்னலாம்னு சொல்லுவாங்க. கலோரி வெள்ளரிசி மாதிரியேதான். நாரும் சவைக்கிற வேலையும் கூடுதல், அவ்வளவுதான்.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன்: தனியாச் செய்யறவங்க மூணாவது வாரத்தில நோட்டு எழுதறதை விட்டுருவாங்க. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல.

---

குழித்துறைப் பாலம் பதில்:

எல்லாருக்கும் நன்றி. கிளப்பும் வாட்சப்பும் போச்சு. திங்கள்கிழமை டாக்டரைப் பார்த்து கிளிமெப்பிரைடு விஷயத்தைக் கேக்குறேன். பாறசாலைக்கு வர்ற சனிக்கிழமை சும்மா போய் உக்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கேன். ரெண்டு சந்தேகம்: 1,300 கலோரின்னா நம்ம சாப்பாட்டில எவ்வளவு? மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கு) விட்டுரணுமா? குழு சரியில்லைன்னு எத்தனை நாளில முடிவெடுக்கிறது?

---

ஏத்தன்வாழை பதில்:

அது மூணு சந்தேகம், அக்கா. பரவாயில்ல.

டாக்டர் மாத்திரையை முடிவு பண்ணின பிறகுதான் இதைத் தொடங்கணும். காலையில ஒரு குற்றிப் புட்டு: 50 கிராம் மாவு, 15 கிராம் தேங்காய், கூட அரைக் கப் வேகவச்ச சிறுபயறு. பழமும் சீனியும் சேர்த்துப் பிசைஞ்சா கணக்கு போச்சு. மத்தியானம் வெந்த சோறு 150 கிராம், சாளையோ அயிலையோ 100 கிராம் புளிவிட்ட கறி, ஒரு கப் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), சம்பாரம் (மோர்). ராத்திரி 40 கிராம் அரிசிக் கஞ்சி, 30 கிராம் பயறு, 15 கிராம் தேங்காயில சம்மந்தி (துவையல்). பப்படத்தைச் சுட்டுக்கோங்க. ரெண்டு டீ, சீனி இல்லாம. எல்லாம் சேர்த்து 1,250 முதல் 1,300 வரும். மீன் இல்லாத நாள் ரெண்டு முட்டை, புரதம் குறையக் கூடாது. குறைஞ்சா கொழுப்போட தசையும் கரையும், ரெண்டு மூணு மாசத்தில முடியும் கொட்டும்.

அரிசியை வேகவைக்கும் முன்னால நிறுக்கிறதா, வெந்த பிறகா என்கிறதில பலரும் தடுமாறுவாங்க. 100 கிராம் அரிசி வெந்தா 250 முதல் 300 கிராம் சோறு. நோட்டில "அரிசி"னும் "சோறு"ன்னும் பிரிச்சு எழுதணும், இல்லாட்டி கணக்கு மூணு மடங்கு தப்பும்.

மரச்சீனியை விட வேண்டாம். வெந்தது 100 கிராம் சுமார் 150 கலோரி, புரதம் பேருக்குத்தான். மீன் கறியோட 130 கிராம் வச்சா அது சோத்துக்குப் பதில், சோத்தோட கூட இல்ல. தட்டு நிறைய 300 கிராம் வச்சு, பிறகு "கொஞ்சம் சோறு"ம் போடுறதுதான் வழக்கமான தப்பு.

குழுவுக்கு 12 வாரம் கொடுங்க. அதில குறைஞ்சது ஒன்பது கூட்டம் போயிருக்கணும். போயும் ரெண்டு கிலோகூட இறங்கலைன்னா முதல்ல நோட்டைப் பாருங்க, பிறகு டி.எஸ்.எச். பாருங்க, அதுக்கப்புறம் குழுவை மாத்துறதைப் பத்தி யோசிங்க. போன கூட்டமே நாலுன்னா குழுவை எடை போட ஒண்ணும் இல்ல. சனி 4 மணி உங்களுக்கு ஒத்துவரலை, அவ்வளவுதான்.

---

வாசகசாலைத் திண்ணை பதில்:

சனிக்கிழமை போறதுக்கு முன்னால அன்னைக்குக் காலையில கக்கூஸ் போயிட்டு, டீ குடிக்கிறதுக்கு முன்னால, வீட்டுத் தராசை டைல்ஸ் தரையில வச்சுப் பார்த்து எண்ணை எழுதிக் கொண்டு போங்க. பாய் மேலயோ மிதியடி மேலயோ வச்சா தப்பாக் காட்டும். அங்க சாயங்காலம், சேலையோட, மத்தியானச் சாப்பாடும் உள்ள இருக்கும். ஒண்ணரை கிலோ கூடக் காட்டலாம். அந்த வித்தியாசத்தை முதல் வாரமே நோட்டு அட்டையில எழுதி வச்சுட்டா, வீட்டு எண்ணையும் அங்கத்த எண்ணையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுக் குழம்ப மாட்டீங்க. ஒவ்வொரு வாரமும் அதே மாதிரி லேசான சேலை கட்டிட்டுப் போங்க.